வெள்ளைக் கவுன் வேண்டாம்

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று மறைக்கல்வி வகுப்பில் மோட்சம் பற்றிய பாடம். பன்னிரண்டு வருடமாக நடத்துகிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அங்கே அழுகை இல்லை, நோய் இல்லை, வெயில்கூட இல்லை என்றேன். திண்டுக்கல் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பிடித்தது. "யார் யாருக்குப் போக ஆசை?" என்றதும் எல்லாக் கையும் உயர்ந்தது, ஒருத்தியைத் தவிர. என் மகள் ரீனா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயசுக் கழுதை. டீச்சர் பிள்ளை இப்படியா என்று எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டால், "வயிறு வலிச்சுச்சு" என்கிறாள். வயிறு வலித்தால் கை தூக்க முடியாதா?

மே 12 புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். முப்பத்தொரு பிள்ளைகள், ஐந்தே வாரம்.

ஏப்ரல் 10, புதன்

வீட்டு ஜெபமாலையில் கவனித்தேன். எல்லாரையும் மோட்சத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லும் இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறாள். முடிந்ததும் அவள் அப்பாவிடம் கேட்கிறாள்: "எல்லாரையும்னா, நம்மளையுமா?" பெலிக்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 13, சனி

புதுநன்மைக் கவுனுக்கு அளவு கொடுக்க அஃப்சானாவின் தையல் கடைக்கு ரீனாவைக் கூட்டிப் போயிருந்தேன். நான் எதிர்க் கடையில் லேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் பிள்ளை வாசலில் நிற்கிறாள், அளவு எடுக்கவே இல்லை. அஃப்சானா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டீச்சரக்கா, கோவிச்சுக்காதீங்க. இதைப் போட்டா பெட்டியில படுக்கணுமான்னு பிள்ளை கேக்குது."

அப்போதுதான் உறைத்தது. ரூபி. என் அண்ணன் ரொனால்டின் மகள். ரீனாவும் அவளும் ஒரே வகுப்பு. போன நவம்பரில் ஆறு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை இறந்தால் வெள்ளைக் கவுன் உடுத்தி, தலையில் பூமுடி வைத்து அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். புதுநன்மைக்கென்று மதினி சகாயசெல்வி எடுத்து வைத்திருந்த துணியைத்தான் அஃப்சானா அவசரமாகத் தைத்துக் கொடுத்தாள். "ரூபி ஏம்மா கவுன் போட்ருக்கா?" என்று ரீனா என் சேலையை இழுத்துக் கேட்டாள். "மோட்சத்துக்குப் போறாடி, அதான்" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை. சொன்னதோடு மறந்தும் போனேன். பிள்ளை அஞ்சு மாசமா அதைத் தூக்கிச் சுமந்திருக்கா. கேக்கிறதையும் எங்கிட்டக் கேக்கல, தையக்காரிகிட்டக் கேட்ருக்கா. நானெல்லாம் ஒரு டீச்சர்.

ஏப்ரல் 14, ஞாயிறு

விளக்கினேன். விளக்கி விளக்கி மாட்டிக்கொண்டேன்.

"இந்தக் கவுன் வேறடி."

"ரெண்டையும் அஃப்சானா அக்காதானே தைக்கிறாங்க?"

"ரூபி அங்க சந்தோசமா இருக்கா."

"அப்ப சகாயசெல்வி அத்தை ஏன் இன்னும் அழுவுறாங்க?"

"வாயை மூடுடி" என்று கத்திவிட்டேன். அழுதாள். பிறகு நானும்.

ஏப்ரல் 20, சனி

பள்ளி டீச்சர்களுக்குப் போட்ட தேர்தல் வேலை முடிந்து வந்தேன். கால் வீங்கிக் கிடக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று புத்தகத்தைத் திறக்கவில்லை. மோட்சத்தை நினைத்தால் யாருக்காவது பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அந்தோணிராஜ் எழுந்தான். "அங்க போனா லீவுக்குக்கூட வீட்டுக்கு வர முடியாதா மிஸ்?" அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருத்தியின் அப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். அவளுக்கு, தான் அங்கே இருந்தால் அப்பாவுக்கு அட்ரஸ் தெரியுமா என்று கவலை. கடைசியாக ரீனா: "நம்மளக் கேட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போவாங்களா?"

"தெரியலம்மா" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த வகுப்பில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஒரு பிள்ளையும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. பிறகு தெரிந்ததைச் சொன்னேன். "ரூபி செத்தது காய்ச்சலால. கவுன அதுக்கப்புறம்தான் போட்டோம். கவுன் போட்டதால யாரும் செத்ததில்ல." செத்தது என்ற வார்த்தையை ரீனாவிடம் இன்றுதான் சொல்கிறேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

தோசை தின்றபடியே சொல்கிறாள்: "நன்மை வாங்குறேன். ஆனா வெள்ளை வேணாம். பச்சை."

மே 2, வியாழன்

ஃபாதரைப் பார்த்தேன். "சட்டமெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், பழக்கந்தான். மத்தவங்க கேட்டா நீங்கதான் பதில் சொல்லிக்கணும்" என்றார். அதற்குள் விஷயம் பரவிவிட்டது. டீச்சர் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா என்று ஒரு அம்மா என் காதுபடவே பேசுகிறாள். பேசட்டும். எனக்குப் பயம் மதினியை நினைத்துத்தான். தன் பிள்ளை போட்டுப்போன உடுப்பை நாங்கள் ஆகாதது என்று ஒதுக்குவதாக நினைத்துவிட்டால்? நவம்பரிலிருந்து அவர் கோயில் பக்கமே வருவதில்லை. ஆனாலும் ஊர்வாய் சும்மா இருக்குமா? நானே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

மே 8, புதன்

மதினி வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார், குடித்தேன். தக்காளி விலையைப் பேசிவிட்டு வந்தேன். கோழை.

மே 12, ஞாயிறு

முப்பது வெள்ளைக்கு நடுவே ஒரு கிளிப்பச்சைப் பாவாடை சட்டை. ரீனா நேராக நடந்து போய் நன்மை வாங்கினாள்.

பூசை முடிந்து வெளியே வந்தால், கடைசித் தூணோரம் மதினி நிற்கிறார். "மதினி, தப்பா நினைக்காதீங்க, பிள்ளை பயந்துக்கிட்டு…" என்று இழுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வரவேகூடாதுன்னுதான் இருந்தேன். உங்க அண்ணன்தான் இழுத்துட்டு வந்தாரு. வெள்ளை வெள்ளையா வரிசை வரவும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். எம்மகளா வந்துச்சு எல்லாம். செத்த நேரங்கழிச்சுத் தொறந்தா, பச்சையா ஒண்ணு நிக்குது. அம்புட்டுப் பிள்ளைகள்லயும் இவ ஒருத்தியத்தான் என்னால பாக்க முடிஞ்சுச்சு."

ரீனா மெழுகுவர்த்தியோடு வந்து நின்றது இருவருக்கும் தெரியவில்லை.

"அத்தை, கவுனுக்கா பயந்தீங்க?"

"ஆமாடி."

"நானும்."

மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். ரூபி பெயர் இரண்டு தரம் காதில் விழுந்தது. விளக்கம் சொல்ல நான் போகவில்லை.