இணைச்சீர் நாளில் ஒரு நேர்காணல்

அண்ணா,

போன வாரம் உன் மகன் கல்யாணத்தில், உன் மகள் இணைச்சீருக்கு மூங்கில் பேழைமூடிக் கூடையை இடுப்பில் ஏந்திக்கொண்டு வந்து தம்பி பக்கத்தில் நின்றாள். அதற்குள் இருந்த கூறைப்புடவையின் கஞ்சி வாசனையும் மஞ்சள் வாசனையும் சேர்ந்து வந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையல் பந்தல் பக்கம் போய்விட்டேன். "ஏனுங்க, பொகை கண்ணுல பட்டுருச்சுங்களா?" என்று பரிமாறுகிற பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

ஊரார் முன்னால் உன்னை 'வாங்கண்ணா, போங்கண்ணா' என்பேன். நாம் இருவர் மட்டும் இருக்கும்போது 'நீ'தான். நீ போன பிறகு நாம் இருவர் மட்டும்தானே பேசிக்கொள்கிறோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கித் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம், கோடை விடுமுறையில் பட்டப்படிப்பு மாணவர்களை எடுத்து இரண்டு மாதம் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய விடுவதாகக் கல்லூரிப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பயோடெக்னாலஜி என்ற சொல்லையே எங்கள் பேராசிரியை அப்போதுதான் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் எதை ஆராய விரும்புகிறாய் என்று கேட்டிருந்தார்கள். நம் குச்சிக்கிழங்குக் காட்டில் மரவள்ளி இலையெல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டு போகுமே, அதை எழுதினேன். செடியின் நுனிக்குருத்தில் கிருமி ஏறாத ஒரு துளியை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் நோயில்லாத செடி கிடைக்கும் என்று உன்னிடம் சொன்னேன்.

"கடுகத்தனை துண்டுலயிருந்து ஒரு காட்டுக்கே நாத்தா?" என்று சிரித்தாய். "கதை உடாத" என்றாய். ஆனால் மறுநாள் நீயே போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாய்.

நேர்காணல் கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து உன் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். தேதியைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. உன் இணைச்சீர் நாள். நம் பக்கம் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் நின்று அந்தச் சீர் முடிந்தால்தான் மறுநாள் விடியலில் தாலி. உனக்கு நான் ஒருத்திதான்.

வேறு நாள் கேட்டுத் தந்தி கொடுத்தோம். வேறு நாள் கிடையாது என்று பதில் வந்தது.

"பொறந்தவ இல்லாம என்ன கண்ணாலம்? பேச்ச உடுங்க" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உன் கல்யாணம் முடிந்த கையோடு எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோடையை விட்டால் எனக்கு அடுத்த கோடை கிடையாது. அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நீதான் வாயைத் திறந்தாய். "போயிட்டு வரட்டுமுங்க. பொழுதோட வந்துருவா."

"வரலீன்னா?"

"வர்ற வரைக்கும் நான் நிக்கறேன்."

அப்பா அப்புறம் உன்னோடு பேசவேயில்லை. மாப்பிள்ளை வெளியே போகக்கூடாது என்று அம்மா தடுத்தும் கேளாமல், நேர்காணலன்று விடியுமுன் புல்லட்டில் என்னைச் சேலம் கூட்டிப்போய்ப் பெங்களூர் பஸ் ஏற்றினாய். ஜன்னலோரம் வந்து நின்று சொன்னாய்: "பாதியில எந்திரிச்சு வந்தராத சாமி. முடிச்சுட்டு வா. அண்ணன் நிக்கறேன்."

அங்கே போனால் தாழ்வாரம் நிறைய ஆட்கள். எல்லோரும் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன், சாப்பாட்டு வேளை வந்தது. உள்ளே போனவர்கள் வெளியே வர அத்தனை நேரம் ஆனது. சுவர்க்கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கிளம்பினால் விளக்கு வைத்து ஊர் சேரலாம், இனிமேல் முடியாது என்கிற கட்டமும் வந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் போய்விட்டேன். வாட்ச்மேன் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அண்ணன் நிற்பான், சொன்னால் நிற்பான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். குழாயில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன் என்றேன். எத்தனை முறை என்றார்கள். வருகிற வரைக்கும் என்றேன். என் இங்கிலீஷ் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்தேன்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. முன்னும் பின்னும் வண்டிகள். பஸ்ஸில் எல்லோரும் இறங்கிக் காலாற நின்றார்கள், நான் மட்டும் இறங்கவில்லை. பந்தலில் உன்னைச் சுற்றி நின்று எல்லோரும் நெருக்குவதும், பெண் வீட்டார் முணுமுணுப்பதும், நீ அசையாமல் நிற்பதும் கண் முன்னால் ஓடிக்கொண்டேயிருந்தன. என்னால் உன் கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன். அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விடிகிற நேரத்தில் வந்து இறங்கினேன். நாதஸ்வரம் கேட்டது. நீ மாலையோடு மணவறையில் உட்கார்ந்திருந்தாய். சீர் முந்தின நாளே முடிந்திருந்தது. பெரியப்பா மகள், நம் அக்கா, என் இடத்தில் நின்றிருந்தாள்.

கல்யாணம் நடக்கிறதே என்று முதலில் உயிர் வந்தது. அடுத்த நொடியே ஆத்திரம் வந்தது. நிற்கிறேன் என்று சொன்னாயே அண்ணா.

அக்காதான் காப்பி டம்ளரை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள். "நேத்து உன்ன பஸ் ஏத்திட்டு நேரா எங்க ஊட்டுக்குத்தான் வந்தாரு. அவ வந்து சேர மாட்டா, நீங்க வந்து நில்லுங்க, ஆனா அவளுக்குத் தெரிய வேண்டாம்னாரு. பெரியவங்க சொன்ன நேரத்துக்கு முறைப்படி முடிச்சுட்டோம். ஆனா ஒண்ணு அம்மிணி, சீரு முடியற வரைக்கும் வாசலத்தான் பாத்துட்டு நின்னாரு."

டம்ளரைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தாலி கட்டி முடிந்து உன் காலில் விழுந்தபோது நீ கேட்டது ஒன்றுதான்.

"பாதியில எந்திரிச்சு வரலியே?"

"இல்லீங்கண்ணா."

"அது போதும் போ, போய்ச் சாப்புடு."

அந்தக் கோடையில் என்னை எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு மாதம் என்னை எங்கெங்கோ கொண்டுபோனது உனக்குத் தெரியும். என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தியதற்கு நீ வருத்தப்பட்டாயா என்று கேட்க எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு பேச்சு பேசியிருப்பாய்.

அன்று என்னைக் கேள்வி கேட்டவர்களின் நாற்காலியில் இப்போது நான் உட்கார்கிறேன். ஒவ்வொரு கோடைக்கு முன்னும் எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். பதில் சொல்லும்போதே கண் கடிகாரத்துக்குப் போகிற ஒருத்தி எப்போதும் இருப்பாள். அவளுக்கு வீட்டில் என்ன விசேஷமோ, என்ன சண்டையோ, நான் கேட்பதில்லை. "அவசரப்படாத சாமி, உங்க ஊட்டுல உனக்காக நிப்பாங்க" என்று மட்டும் சொல்கிறேன். நிற்பார்களா என்று எனக்குத் தெரியாது, அண்ணா. ஆனால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறது.