ரொறன்ரோ ஒரு நாள், நெடுந்தீவு பதினொரு நாள்

என் செல்ல அப்பு,

உங்களை மண்ணுக்குள் வைத்து ஒரு வருசமாகிறது. சண்டையில் பூட்டின கொழும்புப் பாதை இன்னும் திறக்கவில்லை. உங்கள் வள்ளம் துறையடியில் கவிழ்ந்து கிடக்கிறது. சாயமெல்லாம் உரிந்துவிட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். தங்கச்சி ஜெசியில் எனக்குச் சரியான எரிச்சல். உங்கள் கல்லறையில் செபமாலை சொல்லும்போதும் எரிச்சல்தான் பட்டேன்.

நெஞ்சுவலிக்கு மருந்தெடுக்கக் கொழும்பிலுள்ள சித்தப்பா வீட்டுக்குப் போனீர்கள். பிறகு பாதையைப் பூட்டினார்கள். சித்தப்பா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் போன் எடுத்தார். "அண்ணைக்கு ஏலாது. தூரத்துப் பிள்ளை வந்தாப் பிறகுதான் கண்ணை மூடுவன் எண்டு சொல்லுறார், கெதியா வாங்கோ."

தூரத்துப் பிள்ளை! வேறு யார், ரொறன்ரோவில் இருக்கிற ஜெசிதானே? எண்ணாயிரம் மைலுக்கு மேல். லண்டனில் இறங்கி ஏறியும் ஒரு நாளில் உங்கள் கட்டிலடிக்கு வந்துவிட்டாள்.

நெடுந்தீவிலிருந்து கொழும்பு இருநூறு மைலும் வராது. நான் குறிகட்டுவானுக்குப் படகு, யாழ்ப்பாணத்துக்கு பஸ், இராணுவத்திடம் பாஸ் எடுக்க ஒரு கிழமை வரிசை, திருகோணமலைக்குக் கப்பல், திரும்பவும் பஸ். பதினோராம் நாள் வந்து சேர்ந்தேன். ஒன்பதாம் நாள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். பத்தாம் நாள் கொழும்பிலேயே அடக்கம் முடிந்துவிட்டது.

வீடு முழுக்க அவள் புராணம். "பாவம், எவ்வளவு தூரத்திலயிருந்து ஓடி வந்த பிள்ளை!" என்னைப் பார்த்து, "நீர் ஏன் பிந்தினனீர்?" எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. இத்தனை வருசம் உங்களுக்குக் கஞ்சி காய்ச்சினது யார், அப்பு?

நேற்று போனில் அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். "நீ குடுத்து வைச்சனி, ஜெசி. ஒரு நாளிலை வந்து இறங்கினனி. நான் கரையிலை நிண்டு காய்ஞ்சனான்."

அவள் அழுதாள்.

"அக்கா, நான் அப்புவின்ரை கையைப் பிடிச்சு, 'தூரத்துப் பிள்ளை வந்திட்டன்' எண்டனான். 'நீ ஒரு நாள் பிள்ளையெல்லே, தூரத்துப் பிள்ளை எங்கை? காத்து எந்தப் பக்கம்?' எண்டு கேட்டவர். கடைசி மட்டும் வாசலைத்தான் பாத்தவர். உங்களிலை எரிச்சலிலை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எப்படி மறந்தேன்? நீங்கள் ஆயுள் முழுக்கப் படகோட்டியவர். குறிகட்டுவான் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும், "காத்து நல்லாயிருந்தா ஒரு மணித்தியாலம்" என்பீர்கள். மைல் கணக்கு உங்கள் வாயில் வந்ததேயில்லை.

எனக்காகவா ஒரு கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தீர்கள்?

எரிச்சல் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கடைசியாக உங்கள் கையைப் பிடித்தது அவள்தானே. ஆனால் அவளும் பாவம், அப்பு. அவ்வளவு தூரம் பறந்து வந்தும் அவள் கிட்டத்துப் பிள்ளையாகிவிட்டாள்.

பாதை திறந்த அன்றே கல்லறைக்கு வெளிக்கிடுவேன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வருவேன்.

உங்கள் தூரத்துப் பிள்ளை,
நெடுந்தீவிலிருந்து