அப்பா தைத்த பையும் நான் மூடாத பட்டறையும்

என் அன்புக் குருவிக்கு அம்மா எழுதிக்கறது. இங்கே நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லா இருக்கியான்னு தெரியணும். நல்லா இருக்கேன்னு நான் எழுதினா இப்பல்லாம் நீ நம்பறதில்லை, அதனால முதல்லயே சொல்லிடறேன், காலையில எழுந்ததும் கொஞ்ச நேரம் இருமல் இருக்கு, அப்புறம் அவ்வளவா இல்லை. உன் கடுதாசி வந்துச்சு. நாலு பக்கம் எழுதியிருக்கே, நாலு பக்கமும் ஒரே பாட்டு, மரப் பட்டறையை மூடு, மெஷினை வித்துடு, கிளம்பி வந்துடு. நீ மூச்சு வார்டுல நர்ஸா இருக்கே, மூக்குல குழாய் மாட்டின ஆளுங்களைத் தினமும் பாக்கறே, உனக்குப் பயம் வர்றது நியாயம்தான். ஆனா மாசக் கடைசிக்குள்ள மூடலைன்னா லீவு போட்டு வந்து நானே பூட்டுவேன்னு எழுதியிருக்கே பாரு, அதைப் படிச்சதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. நான்தான் உன்னைப் பெத்தேன், நீ என்னைப் பெக்கலை. மூடமாட்டேன். இதை மொதல்ல எழுதிட்டேன், இனிமே மத்ததை நிதானமா படி.

டாக்டர் சொன்னப்ப நானும்தான் எதிர்ல உக்காந்திருந்தேன். இத்தனை வருஷம் மரத்தூளை மூச்சோட இழுத்ததுல நுரையீரல் கெட்டிருக்கு, ஒண்ணு தூசியை விடணும், இல்லைன்னா வேலையை விடணும்னார். நீ ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டே, நான் முதலாவதைப் பிடிச்சுக்கிட்டேன். அதுக்குத்தான் அந்தத் தூசி உறிஞ்சும் மெஷினை வாங்கினது. ஒரு ஆள் உயரம் இருக்கும், நடுவுல விசிறி, அது குழாய் வழியா தூளை இழுத்துக் கீழ்ப்பையில போடும், காத்து மட்டும் மேல்பை வழியா வெளியே போகும். கொண்டுவந்தவங்க கால்ல இடறாம மூலையில வைக்கச் சொன்னாங்க, நான் ஒத்துக்கலை. குழாய் நீண்டா இழுப்பு செத்துப்போகும், வளைஞ்சு வளைஞ்சு போனாலும் அதே கதைதான். ரம்ப மேசைக்கும் இழைப்பு மெஷினுக்கும் நடுவுல நிறுத்தி, குழாயை நேரா ஓட்டி, ஒரே ஒரு வளைவோட முடிச்சேன். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தகடு, எந்த மெஷின் ஓடுதோ அதோட தகடு மட்டும் திறந்திருக்கணும், எல்லாத்தையும் திறந்து வெச்சா எதுலயும் இழுக்காது. கரண்ட்காரர் வந்து குழாய் நெடுக ஒரு செம்புக்கம்பியைச் சுத்தி எர்த் கொடுத்தார். அதுக்கு முன்னாடி நம்ம பட்டறையில பாலிஷ் போடற அக்கா குழாய் மேல கையை வெச்சு சுரீர்னு வாங்கிக்கிட்டு, அன்னைக்குப் பூரா அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கலை.

இப்ப உன்கிட்ட மறைச்சதைச் சொல்றேன், திட்டறதுன்னா திட்டிக்கோ. மெஷினை இறக்கும்போதே கதவுக் கொண்டியில மாட்டி மேல்பை கிழிஞ்சுபோச்சு. புதுசு கேட்டு வாங்கிக்கலாம்னு நான் சொல்றதுக்குள்ள, நாப்பது வருஷம் தையல்காரனா இருந்தவன் வீட்டுல இருக்கும்போது பையை வெளியில வாங்குவியான்னு உங்கப்பா தையல் மெஷின் முன்னாடி உக்காந்துட்டார். மிச்சமிருந்த நல்ல சட்டைத்துணியில ரெட்டைத் தையல், கழுத்துக்குப் பட்டை, பக்கத்துல ஜிப்பு, போதாததுக்கு ஒரு பாக்கெட்டு. தூசிப் பைக்கு எதுக்குப் பாக்கெட்டுன்னு கேட்டா பென்சில் வெச்சுக்கன்னார். மாட்டி ஓட்டினோம், உப்பிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நின்னுச்சு. சாயந்தரம் பாத்தா தரையில ஒரு துளி தூள் இல்லை. எனக்குத் தலைகால் புரியலை. மாஸ்க்கைக் கழட்டி ஆணியில மாட்டினவதான், அப்புறம் நானும் போட்டுக்கலை, அக்காவும் போட்டுக்கலை. பட்டறையில இப்ப தூசியே கிடையாதுன்னு உனக்குப் பெருமையா எழுதினேனே, அது அந்த வாரம்தான்.

சீவலும் பெருந்தூளும் கீழ்ப்பையில விழுந்துச்சு, சரி. நுரையீரலைத் தின்னறது அது இல்லையே, மாவு மாதிரி கண்ணுக்கே தெரியாம இருக்கே, அதுதான். அது சட்டைத்துணி வழியா ஜோரா வெளியே வந்து நாள் முழுக்க அறையில தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. முன்னெல்லாம் தரையில விழுந்து கிடந்ததை நாங்களே மெஷின் வெச்சு மூக்குக்கு நேரா ஏத்தி விட்டிருக்கோம். இருமல் கூடிச்சு, நீ கேட்டப்ப பனின்னு சொன்னேன், அது தெரிஞ்சே சொன்ன பொய். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவோட கறுப்பு மூடியைக் கழுவி அலமாரி மேல வெச்சுட்டு மறந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா விரலால கோடு போடற அளவுக்குத் தூசி. அந்த அலமாரி என் தலைக்கு மேல இருக்கு.

அதை உங்கப்பாகிட்ட பக்குவமா சொல்லியிருக்கணும், எனக்கு வாய் சும்மா இருக்குமா, நீங்க தெச்ச பைதான் என்னைக் கொல்லுதுன்னு பட்டுன்னு போட்டு உடைச்சுட்டேன். மூணாம் நாள் தானே பையைக் கழட்டி பல்புக்கு நேரா பிடிச்சு, ஊசி போன ஓட்டையை ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே நின்னார். சட்டைத்துணின்னா காத்து உள்ள போய் வரத்தானே நெய்யறது, இது எனக்குத் தெரியாம போச்சேன்னார். என் கையாலயே உன்னை அனுப்பியிருப்பேனேன்னு சொல்லிட்டுப் பையை மடிச்சுக் கீழே வெச்சார். எனக்கு அழுகை வந்துச்சு, அதை மறைக்க அவரைத்தான் திட்டினேன். மறுநாளே ரெண்டு பேரும் போய், மேல்பைக்குப் பதிலா மாட்டற மடிப்பு மடிப்பான ஃபில்டரை, பொடித்தூசியையும் பிடிக்கும்னு எழுதிக் கொடுத்ததா பாத்து வாங்கினோம். சுத்தி ரப்பர் வெச்சு ஒரு இடுக்கு இல்லாம அவரேதான் பொருத்தினார்.

இப்ப அந்த மெஷினுக்கு அவர்தான் காவல். ரம்பத்துக்கு முன்னாடி அது ஓடணும், ரம்பம் நின்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அது நிக்கணும், இல்லைன்னா என்னைக் கத்துவார். கீழ்ப்பை பாதி ரொம்பறதுக்குள்ள, பிளக்கைப் பிடுங்கிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, வெளியே எடுத்துப்போய் அவரே கட்டிப் போடறார், என்னைத் தொட விடறதில்லை. நடுவுல ஒருநாள் அக்கா தரையைக் கூட்டி ஒரு திருகாணியோட குழாய்ல தள்ளிவிட, விசிறியில டங்குன்னு அடிச்சுத் தீப்பொறி தெறிச்சுது. காஞ்ச தூளு, அது பத்தியிருந்தா பட்டறையே போயிருக்கும். அதுலேருந்து தரைக் குப்பைக்குத் துடைப்பமும் முறமும்தான், குழாய் கிடையாது. வார்னிஷ் துணிக்குத் தனியா மூடி போட்ட தகர டின், தீயணைக்கற சிலிண்டர் வாசல் பக்கத்துல. உப்புத்தாள் தேய்க்கும்போது மெஷின் ஓடினாலும் மாஸ்க் உண்டு. நான் திருந்திட்டேன், போதுமா.

போன வாரம் மறுபடி ஆஸ்பத்திரியில மூச்சு அளக்கற குழாய்ல ஊதினேன். டாக்டர் சொன்னதை மாத்தாம எழுதறேன். போனது திரும்பி வராது, ஆனா போன தடவைக்கு இப்ப குறையலை. வேலையை விட்டாதான் நல்லதுன்னு இன்னமும் சொல்றார், அதையும் மறைக்கலை. பயமில்லையான்னு கேட்டா இருக்கு, ராத்திரி புரண்டு படுக்கும்போது மூச்சைக் காது கொடுத்துக் கேக்கறேன். ஆனா ரம்பத்தை நிறுத்திட்டு, உன் வீட்டு ஜன்னலோரம் உக்காந்து, நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டுக் கிடக்கறதை நினைச்சா அதைவிடப் பயமா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊதி, அந்தச் சீட்டையே உனக்கு அனுப்பறேன். குறைஞ்சா நானே ரம்பத்தை வித்துடுவேன், யாரும் வந்து பூட்ட வேண்டாம். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதே.

ரெண்டு வருஷம் முன்னாடி உன் வார்டுலேருந்தே காய்ச்சலை ஒட்டிக்கிட்டு ஒரு மாசம் படுக்கையில கிடந்தியே, ஞாபகம் இருக்கா. அந்த வேலையே வேண்டாம், வந்துடுன்னு நானும்தான் நாலு பக்கம் எழுதினேன். நீ ஒரு அட்டையில ரெண்டே வார்த்தை எழுதிப் போட்டே, என் வேலைம்மான்னு. நான் அன்னைக்குப் பூரா அழுதேன், அதுக்கப்புறம் ஒரு தடவை கேட்டிருப்பேனா. இப்ப நான் சொல்றேன், என் வேலைடி.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், கை நோகாம கால் நோகாம இருக்கணும். ரெண்டு ஷிப்ட்டு சேத்துப் பாக்காதே, ஆளுங்களைத் தனியா தூக்காதே, நீயும் மாஸ்க்கை ஒழுங்கா போடு. அப்பாவோட ஆசீர்வாதமும் இதுலயே சேத்தி.

இப்படிக்கு,
பிடிவாதத்துல நீ உரிச்சு வெச்சிருக்கற
உன் அம்மா