ஜட்கா குதிரையின் பை

1978, ஐப்பசி, செவ்வாய் இரவு.

கைவிடப்பட்ட மாடுகளும் நாய்களும் இருக்கும் நம் பண்ணைக்குப் புதிதாக ஒரு கிழட்டுக் குதிரை. ஆட்டோ வாங்கிய ஜட்காக்காரர் விட்டுப்போனது. நான்கு நாளாக எதையும் தின்னவில்லை. தொட்டி நிறையக் கொள்ளு ஊறவைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சாகத் துணிந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, ஊசி போட்டு முடித்துவிட நாளைக்கு மாட்டு டாக்டரை வரச் சொல்லிவிட்டேன்.

இன்று மத்தியானம் சாணி அள்ளும் முனியம்மா தொட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாங்கய்யா நீங்க! ஆயுசுக்கும் ஸ்டேஷன் வாசல்ல கழுத்துப் பையிலயே துன்ன குதிரை இது. தொட்டியைக் கண்டுச்சா?"

கோணியைக் கிழித்துப் பை தைத்தாள். கொள்ளைப் போட்டுக் குதிரையின் கழுத்தில் மாட்டினாள். அது முகத்தைப் பைக்குள் விட்டதுதான் தாமதம், நறநறவென்று மெல்லும் சத்தம் கேட்டது. அவளோ அதற்குள் சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஸ்டேஷன் வாசலில் நானும் நூறு தடவை நின்றவன்தான். பையைப் பார்த்தவள் அவள்.

டாக்டர் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குமுன் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், வியாதி குதிரைக்கு இல்லை, எனக்குத்தான் என்று சொல்லிவிடுகிறேன்.