நர்ஸம்மா வீட்டுக்காரர்

என் அன்புக்குரியவளுக்கு,

நானும் நம் மகள், அந்த வாலும் நலம். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை, அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. புதுச் சீருடை நன்றாகத்தான் இருக்கிறது. உன்னை வெள்ளையிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கருநீலம் கொஞ்சம் உறுத்துகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே ஒரு ஒட்டகச்சிவிங்கி, அது யார்? தினமும் உன்னைக் காரில் கூட்டிப்போய் விடுவதாகச் சொன்ன மகராசன் அதுதானா?

போன் இருக்க இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் ஆரம்பித்தால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் அடித்துத் திருத்த வழியுண்டு. அதோடு, போன வருஷம் முழுக்க நாம் இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, இல்லாத நோயாளியைப் பற்றி இல்லாத டாக்டருக்கு அந்த மொழியில் கடிதம் எழுதிப் பழகினோமே, அந்தக் கை இன்னும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வெளிநாட்டு வேலைக்கான அந்த மொழிப் பரீட்சையில், எழுத்துத் தேர்வில் மட்டும் தேறாதவன் நான். அதற்காக, கட்டின மனைவிக்கு ஒரு கடிதம் எழுதவுமா வராது?

அம்மா வெளிநாட்டில் நர்ஸ் என்று வால் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறாள். இப்போது தினமும் சாயங்காலம் வீட்டில் ஆஸ்பத்திரி நடக்கிறது. ஒருநாளாவது நான் நர்ஸாக இருக்கிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். நர்ஸ் அம்மாதான், நீ பேசாம படுப்பா என்று சொல்லிவிட்டாள். ஐ.சி.யூ.வில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன், பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு காய்ச்சல்காரனாகப் படுத்துக் கிடக்கிறேன்.

நீ சொன்ன அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சில் இணையப் பக்கத்தை நேற்று திறந்து பார்த்தேன். உன் பெயரை அடித்ததும் டக்கென்று வந்து நின்றது. பெயர், எண், பதிவு பெற்ற செவிலியர். வாலைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, திரைக்கு ஒரு முத்தமும் கொடுத்தாள். அவள் விளையாடப் போனதும் என் பெயரையும் அடித்துப் பார்த்தேன். வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அப்படி யாரும் இல்லை, எழுத்துப்பிழை இருக்கிறதா சரிபார்க்கவும் என்றது. எழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிழை இல்லை.

ஆஸ்பத்திரியில் விஷயம் பரவிவிட்டது. டியூட்டிக்குள் நுழைந்தாலே பிரதர், பார்ட்டி எப்போ என்கிறார்கள். பெரிய சிஸ்டர் நாலு பேருக்கு நடுவில் என்னை நிறுத்தி, அவ போயிட்டா சரி, உங்க ரிசல்ட் என்னாச்சு என்று கேட்டார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஒரு மானிட்டர் கத்தியது. ஓடினேன். நோயாளிக்கு ஒன்றுமில்லை, விரலில் மாட்டும் கிளிப் கழன்று விழுந்திருந்தது. அதை மாட்டிவிட்டு, தேவைக்கு மேலேயே அங்கே நின்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது உன் பின்னாலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அம்மா எதுக்குப்பா சிரிச்சாங்க என்று வால் என்னைக் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. கேட்டல் தேர்வில் உன்னைவிட நான்தான் அதிகம் வாங்கினேன், ஞாபகம் இருக்கட்டும். அந்த மொழியில் எப்படிச் சிரிப்பது என்று அதில் கேட்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். காரில் போனால் பின் சீட்டில் உட்கார்.

உன்னுடையவன்


அன்புள்ளவளுக்கு,

போனை நீதான் வைத்தாய் என்று நானும், நான்தான் வைத்தேன் என்று நீயும் சொல்லிக்கொண்டிருப்போம். அதை விடு. நீ அழைப்பதில்லை, நானும் அழைப்பதில்லை. என் தங்கச்சியின் போனில் வாலோடு நீ பேசுகிறாய் என்பது தெரியும். மாடிப்படி வழியாகச் சத்தம் கேட்கிறது. நான் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கிறேன்.

கோபத்தில் பேசியதையே நிதானமாகவும் சொல்கிறேன், கேள். உன் வார்டு இன்சார்ஜ் நல்ல மனுஷியாக இருக்கலாம். உன் வீட்டுக்காரரை வரச் சொல், பதிவு கிடைக்கும்வரை உதவியாளர் வேலை வாங்கித் தருகிறேன் என்று அவராகவே சொன்னதும் பெரிய விஷயம்தான். உதவியாளர் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, பெட்பேன் வைத்து எடுத்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் அதே மாடியில் நீ மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு வருவாய். நான் அழுக்குத் துணி மூட்டையோடு ஓரமாக ஒதுங்கி உனக்கு வழிவிட வேண்டும். முதன்முதலில் நீ ஐ.சி.யூ.வுக்கு மாறி வந்தபோது, மானிட்டரைப் பார்த்துக் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அது உனக்குச் சட்டென்று மறந்துவிட்டதே என்றுதான் கத்தினேன்.

கொஞ்ச நாளைக்குத்தாங்க, நாம ஒண்ணா இருக்கலாமே என்று நீ சொன்னது காதில் விழாமல் இல்லை. விழுந்தது. அதற்கு அடுத்து, அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார் என்று அந்த ஒட்டகச்சிவிங்கியை உதாரணம் காட்டினாய் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு? அவர் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார் என்று தங்கச்சி சொல்கிறாள். எடுக்கட்டும். அவர் உதவியாளராக இருந்தபோது அவர் மனைவி அங்கே நர்ஸாக இருந்தாரா? அதைக் கேட்டுச் சொல்.

இன்னொரு தடவை பரீட்சை எழுதுகிறேன். தேறினால் நர்ஸாக வருகிறேன். தேறாவிட்டால் இங்கேயே இருக்கிறேன். இங்கே என்னை நம்பி ஒரு வார்டே இருக்கிறது. விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

வாலுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாதவன்


என் உயிருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வேண்டாம்.

முந்தாநாள் தங்கச்சி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டாள். நீ சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம். அவளைத் திட்டாதே. உன் பெருமையைப் பற்றி நான் ஏதோ குத்தலாகச் சொன்னேன். அவளால் பொறுக்க முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்குக் கட்டு மாற்றப் போனாயாம். அவர் உன் கையைத் தட்டிவிட்டு, ஒழுங்காகப் பேசத் தெரிந்த யாரையாவது கூட்டி வா என்றாராம். நீ திரும்பவும் சொல்லிப் பார்த்தாயாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வேறொருத்தி வந்து கட்டு மாற்றினாளாம். நீ துணி அறைக்குள் போய், மடித்து வைத்த படுக்கை விரிப்பில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாயாம், வெளியே சத்தம் கேட்காமல் இருக்க. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மற்ற நோயாளிகளுக்கெல்லாம் வேலையை முடித்தாயாம். அன்று மட்டுமல்ல, அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகும்வரை தினமும் அப்படித்தானாம்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். மடித்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உங்க அண்ணன் கேட்டா சந்தோஷப்படுவாரு, அதான் சொல்லலைன்னு அண்ணி சொன்னாங்கண்ணா என்றாள்.

எனக்கு வந்த கோபம்! என்னைப் பற்றி இவ்வளவுதானா நினைத்தாய் என்று கத்த வாயைத் திறந்தேன். கத்த முடியவில்லை. ஏனென்றால், கட்டு மாற்ற விடவில்லை என்று தங்கச்சி சொன்ன அந்த நொடியில் எனக்குள் எங்கேயோ இதமாக இருந்தது. இறுக்கிக் கட்டியதை யாரோ கொஞ்சம் தளர்த்திவிட்டதுபோல. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, நான் இன்னும் செய்யாததை நீ முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தாய். உன் அளவுக்கு என்னைத் தெரிந்தவள் யாருமில்லை என்று பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டு மெடிக்கல் பரிசோதனைக்குப் போனேன். எல்லோரையும்போல வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்த பெண் யார் அழைத்துப் போகிறார்கள் என்று கேட்டாள். மனைவி என்றேன். அவங்க அங்க என்னவா இருக்காங்க சார் என்றாள். நர்ஸ் என்றேன். ஓ, நர்ஸம்மா வீட்டுக்காரரா என்று சிரித்துக்கொண்டே தட்டினாள். நானும் நர்ஸ்தான் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்து ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் சுளீரென்று அடித்தது. ஆச்சரியம் என்னவென்றால், எனக்குப் பசித்தது. வயிறாரச் சாப்பிட்டேன். நீ போனதிலிருந்து அப்படிச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

உன் இன்சார்ஜிடம் என் பெயரைக் கொடு. உதவியாளர் வேலைக்கு வருகிறேன். வேறு மாடியில் கிடைத்தால் நல்லது. உன் மாடியில்தான் என்றால் அதற்கும் சரி. அங்கே வந்து பரீட்சைக்கும் படிக்கிறேன். வாலின் பள்ளி மாற்றத்துக்குத் தங்கச்சி அலைந்துகொண்டிருக்கிறாள். வெளியே நம்மைவிட அவள்தான் சந்தோஷமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறாள். வால் இல்லாத வீட்டை நினைத்து மாடியில் போய் அழுகிறாள்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதி முடித்தால் கடிதம் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். பெட்டி கட்டும்போதுகூட, அங்கே உன்னைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், என்னை ஒருவருக்கும் தெரியாதே என்றுதான் மனசு கணக்குப் போடுகிறது. நீ நன்றாக வேலை செய்கிறாய் என்று யாராவது என் முன்னால் சொன்னால் ஒரு குத்து குத்தும். முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வேன். உனக்குத் தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் துணி அறைக்குப் போகாதே. தங்கச்சியிடமும் சொல்லாதே. அழ வேண்டியிருந்தால் என்னிடம் வந்து அழு. கேட்டு நான் ஒரு நொடி சந்தோஷப்பட்டுத் தொலைத்தாலும் பரவாயில்லை, பார்க்காததுபோல இருந்துவிடு. அது போனபிறகும் நான் அங்கேயேதான் இருப்பேன். என்னிடமே அழு.

நீ நன்றாக இரு.

உன் வீட்டுக்காரன்