பெரிய வெள்ளியன்று அடிக்காத மணி

1971 ஏப்ரல் 20, செவ்வாய்

காலை முழுக்கக் குழாயில் தண்ணீர் இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் இரண்டு பெயர் எழுதினேன். பதினொரு மணித் தபாலில் மேற்றிராணியார் இல்லத்திலிருந்து, பிஷப்பின் முத்திரையோடு ஒரு கடிதம். உள்ளே என்மேல் வந்திருக்கும் மனுவின் நகல். கீழே வியாகுலம்மாளின் கைநாட்டு. யாரோ படித்தவனைப் பிடித்து எழுதியிருக்கிறாள், கையெழுத்து அழகாக இருக்கிறது.

"பெரிய வெள்ளியன்று காற்று மழையில் என் கணவர் சிலுவைமுத்துவின் கட்டுமரம் கரை தெரியாமல் நின்றது. கோவில் மணியை அடிக்கக் கேட்டேன். சாமியார் மறுத்தார். என் கணவர் கல்லில் மோதிச் செத்தார்." அவ்வளவுதான். மே பத்துக்குள் நான் விளக்கம் எழுத வேண்டுமாம்.

விளக்கம் எளிது. பெரிய வியாழன் பூசையில் அடித்த மணியைச் சனி இரவு வரை மறுபடி அடிக்கக் கூடாது. ஆண்டவர் பாடுபட்டுக் கல்லறையில் கிடக்கிற நேரம். மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிடுவோம். இது நான் போட்ட சட்டமா? ராயபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மற்ற நாளென்றால் அடித்திருப்பேன். கரை நெடுகக் கல் கொட்டியிருக்கிறது. கட்டுமரம் கரையேற ஒரே ஒரு வழி, அதுவும் கோவிலுக்கு நேரே. இருட்டிக்கொண்டு வந்தால் மணிச் சத்தத்தை வைத்துத்தான் அதைப் பிடிப்பார்கள். நான் இங்கே வந்த இந்த மூன்று வருஷத்தில் எத்தனை முறை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்! அதை மனுவில் ஒருவரும் எழுதவில்லை.

ஏப்ரல் 21

விளக்கம் எழுதினேன். நான்கு பக்கம், லத்தீன் மேற்கோள் இரண்டு. வாசித்துப் பார்த்தேன். எனக்கே ரொம்பப் பிடித்தது. ஏனோ தபாலில் போடவில்லை.

ஏப்ரல் 25, ஞாயிறு

பிரசங்கத்தில் பேசிவிட்டேன். பேசக் கூடாது, பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன். மேய்ப்பனைத் தூற்றுகிறவர்கள் என்று ஆரம்பித்து அரை மணி நேரம். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

வியாகுலம்மாள் எழுந்து போகவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். வாசலில் மட்டும் கேட்டாள்: "மணி அடிக்காதது கூட போவுது சாமி. அன்னிக்கு என்னாண்ட இன்னா சொன்னீங்கோ, அத்த ஏன் இன்னிக்கு சொல்லல?"

ஞாபகம் இல்லை என்றேன்.

ஏப்ரல் 26

ஞாபகம் இருக்கிறது.

மே 2, ஞாயிறு

மாலை மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்கிறேன். மணி அடிக்கிற கோவில்பிள்ளை சவரிநாதன் அதைப் பார்த்துவிட்டான். மணியைவிட அது ஓய்ந்தபின் வரும் அமைதிதான் மோசம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க அதே அமைதி, மழைச் சத்தத்துக்கு அடியில்.

என்மேல் தப்பா என்று அவனிடமே கேட்டேன். "நீங்க சாமியாரு, நான் கோவில்பிள்ள" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று "ஒரு தபா அடிச்சிடட்டா சாமி?" என்று கயிற்றைப் பிடித்தவன் அவன். மணிக்கூண்டைப் பூட்டிச் சாவியை அங்கியில் போட்டுக்கொண்டவன் நான்.

மே 6, வியாழன்

லோகநாதன் வந்தான். சிலுவைமுத்துவோடு மரத்தில் இருந்து, நீந்திப் பிழைத்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் விட்டார்களாம். நம் வேதக்காரன் இல்லை. உள்ளே வரலாமா என்று யோசித்து வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

பெரிய வெள்ளியில் ஏன் கடலுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். வியாழன் விடியற்காலையிலேயே போனவர்களாம். எண்ணூருக்கு நேரே பாய்க்கழி முறிந்து, நீரோட்டம் வடக்கே இழுத்து, மறுநாள் முழுக்கத் துடுப்புப் போட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "காசிமேட்டாண்ட போயி ஏறிடலாம்னு நான் சொன்னேன் சாமி. அவன்தான் வேணாம்னான். இரு லோகு, இப்ப மணி அடிக்கும், வழி தெரிஞ்சிடும்னான். இன்னிக்கு உங்க கோயில்ல மணி அடிக்க மாட்டாங்கன்னு காலைல நீதானே சொன்ன, அப்டின்னு கேட்டேன். மத்ததுக்குதான் அடிக்க மாட்டாங்க, உசுருன்னா நம்ம சாமி அடிப்பாருன்னான். ரொம்ப நேரம் அங்கியே நின்னுகினு இருந்தோம்."

ரொம்ப நேரம். அந்த நேரம் முழுக்க நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்திக்கொண்டு சங்கீதம் வாசித்தேன். ஐயோ, நம்ம சாமின்னு சொன்னானாமே — என்னையா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இனிமே நான் பூசை வைப்பேன்?

மே 7

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். மேற்றிராணியாருக்குச் சில வரிகள்தான் எழுதினேன். மனுவில் உள்ளது உண்மை. ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நனைந்து நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணிடம், "பெரிய வெள்ளியில் கடலுக்குப் போகிறவனுக்கு மணி ஒரு கேடா?" என்று சொன்னேன்.

தபாலில் போட்டுவிட்டுக் காசிமேட்டுக்கு நடந்தேன். அவள் மீன்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றாள். "அடுத்த பெரிய வெள்ளிக்கு அடிப்பீங்களா? அத்த சொல்லுங்கோ."

மீன் வாங்க ஆள் வந்தது. ஒதுங்கி நின்றேன்.

மே 29

மேற்றிராணியார் பதில். விதிப்படி நான் செய்தது சரியாம், விஷயம் முடிந்ததாம். தண்டித்திருந்தால் தூங்கியாவது இருப்பேன்.

1972 மார்ச் 31, பெரிய வெள்ளி

நேற்றுப் பூசை முடிந்ததும் சவரிநாதன் வழக்கம்போலக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டப் போனான். வேண்டாம், மணிக்கூண்டும் திறந்தே இருக்கட்டும் என்றேன். சாவியையும் அவனிடமே கொடுத்துவிட்டேன்.

இன்று சிலுவைப்பாதை முடிந்து, ஐந்து மணிக்கு வடக்கே கறுத்தது. காற்று மணலை வாரி அடித்தது. கடலில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

எவ்வளவு நேரம் அடித்தேனோ, உள்ளங்கை உரிந்துவிட்டது. முற்றத்தில் ஜனம் கூடிவிட்டது. நாளைக்கு இதற்கும் ஒரு மனு போகும். போகட்டும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கொஞ்சம் அமைதி வருகிறதே, அங்கே சிலுவைமுத்து நிற்கிறான். அதனால்தான் நிறுத்த முடியவில்லை.

வியாகுலம்மாள் உள்ளே வந்தாள். "எல்லா மரமும் கரையிலதான் கீது சாமி. நேத்தே ஏத்திட்டாங்கோ. கடல்ல யாரும் இல்ல."

காதில் விழுந்தது. கை நிற்கவில்லை. அவளும் கயிற்றைப் பிடித்தாள். நிறுத்தத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். என்னோடு சேர்ந்து இழுத்தாள். மழை ஓய்ந்த பிறகுதான் இரண்டு பேரும் கையை எடுத்தோம்.