அம்மாவின் குரல் நின்ற காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு உடம்பு நலம். அம்மாவைப் பற்றி அந்த வார்த்தையை எழுதலாமா என்று யோசித்து, கீழே விவரமாக எழுதுகிறேன். மூன்று வாரமாக மாமாவின் வானொலியில் காலையில் வெறும் பாட்டு மட்டும் வருகிறது, அம்மா குரல் ஏன் இல்லை என்று கேட்டிருந்தாய். எதையும் முறையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். ஆகவே முதலில் தலைப்புகள்.

1. அம்மாவுக்குத் தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சை.
2. அதற்குப் பிறகும் நீ கேட்டுக்கொண்டிருந்த குரல்.
3. உன் மாமா அம்மாவுக்குச் செய்தது.
4. நீ செய்ய வேண்டியது.

முதலாவது. எட்டு மாதத்துக்கு முன் அம்மாவுக்குக் குரல் கம்மிக்கொண்டே போனது. சாதாரணத் தொண்டைக்கட்டு என்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை என்று சோதனையில் வந்தது, அதனால் நீ இப்போது பதற வேண்டாம். மூன்று மாதம் பேசக் கூடாது என்றார்கள், அவளும் பேசவில்லை, ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினாள். உனக்குத் தெரிந்தால் கைக்குழந்தையோடு ஓடி வருவாய் என்று அவள்தான் சொல்ல வேண்டாம் என்றாள். நான் ஒத்துக்கொண்டேன், ஒத்துக்கொள்வதுதான் எனக்கு எளிது. தொலைபேசி சரியில்லை என்று உனக்கு நாங்கள் சொன்னதெல்லாம் பொய். தொலைபேசி நன்றாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அம்மா குரல்தான் தினமும் கேட்கிறதே, போனில் வேறு கூப்பிட வேண்டுமா என்று நீ விளையாட்டாக எழுதியிருந்தாய். அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்துவிட்டுச் சிலேட்டில் ஒன்றும் எழுதாமல் வைத்துவிட்டாள்.

இரண்டாவது. குரல் போன பிறகும் குரல் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். என்னால்தான் வந்தது. நான் வானிலை அலுவலகத்தில் முப்பது வருடம் மழையையும் வெயிலையும் அளந்து எழுதியவன், ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. உன் மாமாவின் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அம்மா பேசிய பேச்செல்லாம் பதிவாகிக் கணினியில் கிடந்தது. அவை காணாமல் போகக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதினேன். எந்தப் பாட்டு, எந்த வருடத்தது, பேச்சு எத்தனை விநாடி, கிழமை சொல்கிறாளா, மழையைப் பற்றிப் பேசுகிறாளா, எங்கே சிரிக்கிறாள், எல்லாம். நாலாயிரத்துச் சொச்சம் அட்டைகள். உன் மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம், 'அத்தான், அக்காவைக் கட்டிக்கிட்டது பத்தாதுன்னு அட்டையிலயும் கட்டி வச்சிருக்கீங்க' என்று கேலி செய்வான். அம்மா படுத்ததும் அந்த அட்டைகள்தான் உதவின. வெளியே மழை என்றால் மழைப் பேச்சு, வியாழன் என்றால் வியாழன் பேச்சு. நான் எண் சொல்வேன், அவன் கணினியில் தட்டுவான். அம்மாவுக்கும் சம்மதம்தான், தான் திரும்பி வருகிற வரைக்கும் என்று சிலேட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். கேட்பவர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெற்ற மகள் உனக்கே தெரியவில்லை, மற்றவர்களைச் சொல்லி என்ன.

மூன்றாவது. அம்மாவுக்குப் பேச்சு திரும்பியது, ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. கரகரவென்று, இடையில் காற்றாகப் போய், சில எழுத்து விழாமல் வருகிறது. இனி இப்படித்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் அதற்கு அழவில்லை. ஒரு மாதம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். பாட்டின் பெயரைச் சொல்வாள், மூச்சு வாங்குவாள், திரும்பச் சொல்வாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, தம்பியிடம் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட புடவையில் நிலையத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். உனக்கு நினைவிருக்கும், பூட்டு ரிப்பேர் கடைக்கு மேல் மாடி, இரண்டே அறைகள். உள்ளறையில் ஒலிவாங்கி, சுவரெல்லாம் முட்டை அட்டை. வெளியறையில் கணினியும், யார் குரல் வெளியே போவது என்று ஏற்றி இறக்குகிற பலகையும். அம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் பாட்டு முடிந்ததும் பேசினாள். 'நான்தான் பேசறேன். குரல்தான் மாறிடுச்சு, ஆள் அதே ஆள்தான். பிடிக்கலன்னா சொல்லுங்க, பாட்டை மட்டும் போட்டுட்டுப் போறேன்' என்றாள். நான் வெளியறையில் உட்கார்ந்து கேட்டேன். இருபத்தேழு நிமிடம் அப்படி ஆறு பாட்டுக்குப் பேசினாள். வெளியே வந்தபோது முகம் உன் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது.

படி இறங்கினோம். கீழே பூட்டுக்காரர் ரேடியோவை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும், 'என்னக்கா, இன்னிக்குப் பேச்சு தேன் மாதிரி இருந்துச்சு, உங்க தொண்டைக்கு மட்டும் வயசே ஆகல' என்றார். அவள் என்ன கேட்டீர்கள் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, 'அடடா, படி இறங்கறதுக்குள்ள தொண்டை கட்டிக்கிச்சா' என்றார். பாவம், அவர்மேல் தப்பில்லை. அவருக்குக் கேட்டது பழைய பதிவு. அவள் பேசிய ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. அம்மா மறுபடி படி ஏறினாள், நானும் பின்னால் ஏறினேன். தம்பியைப் பார்த்து, 'எத்தனை நிமிஷம்டா என்னை வெளிய விட்ட' என்று கேட்டாள். அவன் பலகையைப் பார்த்துவிட்டு, 'என் தப்புதான்க்கா' என்றான். 'தப்புன்னா கை தவறி நடக்கறது. இது கை தவறினது இல்ல. அக்கா பேச்சு கேக்க சகிக்கலன்னு நீயே முடிவு பண்ணிட்ட. மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா வீட்டுலயே இருந்திருப்பேனே, உள்ள உக்காத்தி வச்சு வேடிக்கையா பாத்த' என்று, அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. அந்த நிலையத்தில் எது நடந்தாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டியவன்.

அன்றோடு அம்மா அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். இருப்பது ஒரே தம்பி. இரண்டு முறை வீட்டுக்கு வந்தான், கதவைத் திறக்க வேண்டாம் என்றாள், நான் திறக்கவில்லை. அவனும் அக்காவின் பதிவுகளை ஒலிபரப்புவதில்லை என்று நிறுத்திவிட்டான். அதனால்தான் உனக்கு வெறும் பாட்டு கேட்கிறது. இந்த இருபத்து மூன்று நாளில் காலை அக்கா எங்கே என்று நிலையத்தைக் கேட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், அந்தம்மா மணி சொல்வதைக் கேட்டுத்தான் கடை திறக்கிறேன், மணி மட்டுமாவது யாராவது சொல்லுங்கள் என்றாராம். பத்தொன்பது வருடம் பேசியதற்கு அவ்வளவுதான்.

நாலாவது. உன் மாமா உனக்குக் கடிதம் எழுதியிருப்பான், அல்லது எழுதுவான். நீ பதில் போடாதே. இரண்டு பக்கமும் பேசப் போனால் அம்மா மனம் இன்னும் புண்படும். அம்மாவை மட்டும் தொலைபேசியில் கூப்பிடு. குரலைக் கேட்டு அழுதுவிடாதே, என்னம்மா இப்படி ஆகிவிட்டது என்று கேட்காதே, குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசு.

நீங்கள் மூவரும் நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவருடைய ஆசிகள்.

இங்கே கையெழுத்துப் போட்டு முடித்திருக்க வேண்டும். எப்போதும் போலக் கடிதத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றாவது தலைப்பைத் தாண்ட முடியவில்லை. அதில் நான் எழுதாமல் விட்டது இது. அம்மா பேச உட்கார்ந்ததும் உன் மாமா பலகையில் அவள் குரலை ஏற்றி வைத்துவிட்டு, 'பாத்துக்குங்க அத்தான், அக்கா வந்ததுக்கு எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வரேன்' என்று கீழே போய்விட்டான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அறையில் நான் மட்டும் இருந்தேன். அவள் குரலைக் கேட்டதும் பயந்துவிட்டேன். ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள், யாராவது கூப்பிட்டு ஏதாவது சொல்லிவிடுவார்கள், அவள் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. அவள் குரலை இறக்கியது நான். அடுத்தடுத்த பாட்டுக்கு அட்டையைப் பார்த்து எண்ணைத் தட்டியதும் நான். ஒரு பேச்சில் அவள் சிரிக்கிறாள் என்று அட்டையில் இருந்தது, இன்றைக்குச் சிரிப்பு பொருந்தும் என்று அதையே தேர்ந்தெடுத்தேன். மாமா கீழே தெரிந்தவர்களோடு நின்று பேசிவிட்டு மேலே வந்தபோது அம்மா முடித்துவிட்டாள். அவள் திரும்பி வந்து கேட்டபோது அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகுதான் என் தப்பு என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்து மூன்று நாளாகத் திறக்கவில்லை. அவள் தம்பியைத் திட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

எப்போதும் கடிதத்தைத் திருத்தி நல்ல பிரதி எடுத்து அனுப்புவேன், உனக்குத் தெரியும். இதை எடுக்கப் போவதில்லை. எடுத்தால் மேலே உள்ள பத்தி காணாமல் போய்விடும், என்னை எனக்குத் தெரியும். உறையை ஒட்டாமல் அம்மா கையில் கொடுக்கப் போகிறேன், படித்துவிட்டு நீயே தபாலில் போட்டுவிடு என்று சொல்லப் போகிறேன். இது உனக்கு வந்து சேர்ந்தால் அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். வந்து சேர்ந்தால் மாமாவுக்கு மறக்காமல் பதில் போடு.

மூன்றாவது தலைப்பு தவறு. உன் மாமா என்று இருக்கும் இடத்தில் அப்பா என்று படித்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா